மூளைக் கலங்களுக்கு அடையாளமிடும் பிறபொருளெதிரிகள்: எவ்வளவு நம்பலாம்?

மட்டக்களப்பின் பெரியகல்லாற்றிலோ கோட்டைக்கல்லாற்றிலோ ஒருவரை நாய் கடித்து, அந்த நாயும் ஓரிரு நாளில் செத்துப்போனால், அதன் தலையை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்பது இங்கே பலருக்கும் தெரியும். கடல் ஒருபுறமும் வாவி மறுபுறமுமாக நீளும் எங்கள் ஒடுங்கிய நிலத்திலிருந்து பொரளையில் இருக்கும் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். அங்கே போய்ச் சேர்ந்த தலைக்கு என்ன நடக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மண்டையைத் திறந்து, மூளைத்தண்டிலும் சிறுமூளையிலும் சிறு துண்டுகள் எடுத்து, அவற்றின் மேல் சாயம் பிணைத்த பிறபொருளெதிரியை இட்டு, நுணுக்குக்காட்டியின் கீழே பார்க்கிறார்கள். விசர்நோய்க் கிருமி அங்கே இருந்தால் கலங்களுக்குள் பச்சைப் புள்ளிகள் ஒளிரும்.

உலகின் பெரிய நரம்பியல் ஆய்வுகூடங்களில் நடப்பதும் அடிப்படையில் இதே வேலைதான். மூளையில் எந்தக் கலம் எங்கே இருக்கிறது, எது எந்த வேதிப்பொருளைச் சுரக்கிறது, நோயில் எது அழிகிறது என்று இன்று நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி பிறபொருளெதிரிகள் இட்ட நிறத்தைப் பார்த்து அறிந்தவை. அந்த நிறத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வி கடந்த இருபது ஆண்டுகளாக அத்துறையை உலுக்கி வருகிறது. பிறபொருளெதிரி ஒரு பொருளைத்தான் காட்டுகிறது, கலத்தின் பெயரைச் சொல்வதில்லை என்பதை மறந்ததால் வந்த குழப்பம் அது என்பது என் கணிப்பு. நாயின் மூளையைப் பார்க்கும் நோயறி கூடம் ஒவ்வொரு நாளும் கடைப்பிடிக்கும் கண்டிப்பை, மூளையை ஆராயும் பெரிய கூடங்கள் வெகுகாலம் கடைப்பிடிக்கவில்லை.

கண்ணாடித் துண்டில் நடப்பது

அந்தக் கண்டிப்பு எப்படிப்பட்டது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். மூளைத் துண்டைக் கண்ணாடியில் ஒற்றி எடுப்பார்கள். காற்றில் உலர்ந்ததும் அதைக் கடுங்குளிரில், பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையில், அசெற்றோனுக்குள் குறைந்தது ஒரு மணி நேரம் வைப்பார்கள். பிறகு விசர்நோய் வைரசின் புரதத்தோடு மட்டும் ஒட்டக்கூடிய பிறபொருளெதிரியை, ஃபுளோரசீன் என்ற சாயம் பிணைத்த நிலையில், ஒரு சொட்டு இடுவார்கள். 37 பாகை வெப்பத்தில் அரை மணி நேரம். ஒட்டாதவை போகும்படி நன்றாகக் கழுவுவார்கள். அதன் பிறகு நீல ஒளியில் பார்த்தால், வைரஸ் குவிந்த இடங்கள் பச்சை அப்பிளின் நிறத்தில் மின்னும். சில தூசி போல, சில உருண்டையாக.

இதில் முக்கியமானது இன்னொன்று. நாயின் மூளையோடு கூடவே இன்னும் இரண்டு கண்ணாடிகள் அதே சாயத்தில், அதே நேரத்தில் போகும். ஒன்று விசர்நோய் உள்ளதென்று முன்பே உறுதியான மூளை. மற்றது நோயற்றதென்று உறுதியான மூளை. முதலாவது ஒளிராவிட்டாலோ, இரண்டாவது ஒளிர்ந்துவிட்டாலோ, அந்தத் தொகுதியின் முடிவு எதுவும் செல்லாது. திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எதிரே காத்திருப்பது ஒரு மனித உயிர் என்பதால் இந்த ஒழுங்கில் தளர்வுக்கு இடமில்லை. சந்தேகமான கடிக்குச் சிகிச்சை உடனே தொடங்கிவிடும். தொடர வேண்டுமா, கடிபட்ட மற்றவர்களையும் தேட வேண்டுமா என்பதை இந்த முடிவு தீர்மானிக்க உதவுகிறது.

இந்த முறை வருமுன் மருத்துவர்கள் நம்பியிருந்தது 1903இல் இத்தாலியரான அடெல்கி நெக்ரி கண்ட சிறு உருண்டைகளை. சிறுமூளையின் புர்கின்ஜே கலங்களிலும், நினைவுக்கு அடிப்படையான ஹிப்போகாம்பசின் கலங்களிலும் அவை தெரியும். ஆனால் நோயுள்ள எல்லா மூளையிலும் தெரிவதில்லை. நெக்ரி உருண்டை இல்லை என்று சொல்லி அனுப்பப்பட்ட நாய்களில் சில உண்மையில் விசர்நாய்கள். 1958இல் கோல்ட்வாசரும் கிஸ்லிங்கும் ஒளிரும் பிறபொருளெதிரியைக் கொண்டு விசர்நோய் வைரசைக் காட்டிய பிறகே அந்த ஓட்டை அடைபட்டது. இலங்கையில் 1973இல் மட்டும் 377 பேர் விசர்நோயால் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை பெரும்பாலும் நாற்பதுக்குக் கீழே. நாய்களுக்கான தடுப்பூசியும் மனிதருக்கான சிகிச்சையுமே அதற்கு முதற்காரணம். ஆயினும் எந்த ஊரில் நோய் இருக்கிறது என்று தெரிந்தால்தான் ஊசியை அங்கே கொண்டுபோக முடியும். அதைச் சொல்வது இந்தப் பச்சைப் புள்ளிகள்.

வடிவத்திலிருந்து வேதியியலுக்கு

மூளைக்கு நிறமிடுதல் பிறபொருளெதிரிகளுக்கு முந்தியது. 1873இல் கமிலோ கொல்ஜி வெள்ளி உப்பால் நரம்புக்கலங்களைக் கறுப்பாக்கினார். சந்தியாகோ ரமோன் இ கஹால் அதைக் கொண்டு நரம்புக்கலங்கள் தனித்தனியானவை என்று நிறுவினார். இருவரும் 1906இல் நோபல் பரிசைப் பகிர்ந்தார்கள். ஃபிரான்ஸ் நிசில் கண்ட சாயம் இன்றும் பயனில் உள்ளது. இவை வடிவத்தைக் காட்டின. ஒரே வடிவமுள்ள இரண்டு கலங்களில் எது டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது, எது அதைச் சுரப்பதில்லை என்று இவற்றால் சொல்ல முடியாது.

அதற்கு வழி திறந்தவர் ஹார்வர்டில் இருந்த அல்பர்ட் கூன்ஸ். நோய்க்கிருமி உடலில் எங்கே இருக்கிறது என்று பார்க்க விரும்பிய அவர், 1941இல் தம் கூட்டாளிகளோடு பிறபொருளெதிரியில் ஒளிரும் சாயத்தைப் பிணைத்துக் காட்டினார். உடலில் அந்நியப் பொருள் நுழைந்தால் அதோடு ஒட்டுவதற்கென்று உடல் ஆக்கும் புரதமே பிறபொருளெதிரி. முயலுக்குள் அதற்கு அந்நியமான ஒரு புரதத்தைச் செலுத்தினால், அந்தப் புரதத்தோடு ஒட்டும் பிறபொருளெதிரிகளை அதன் குருதியிலிருந்து எடுக்கலாம். மூளைப் புரதத்தைச் செலுத்தினால் மூளைப் புரதத்தைத் தேடிப் பிடிக்கும் கருவி கிடைக்கும்.

ஆனால் முயலின் குருதியில் வருவது ஒரே வகைப் பிறபொருளெதிரி அல்ல. பல வகைகளின் கலவை. கரைவலையை இழுத்தால் தேடிய மீனோடு தேடாத மீனும் வருவதுபோல, அந்தக் கலவையில் சில தவறான புரதங்களோடும் ஒட்டும். 1975இல் கேம்பிரிட்ஜில் ஜோர்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும் ஒரே கலத்தின் வழித்தோன்றல்களிலிருந்து ஒரே வகைப் பிறபொருளெதிரியை அளவின்றிப் பெறும் வழியைக் கண்டார்கள். அதன் பிறகு மூளைக்கான பிறபொருளெதிரிகள் போத்தலில் அடைத்து விற்கும் சரக்காயின. இன்று ஒரு புரதத்தின் பெயரைத் தேடினால் பத்துக் கம்பனிகளின் பத்துப் போத்தல்கள் கண்முன் வரும்.

ஆய்வுகூடங்களில் பெரும்பாலும் இரண்டு படிகளில் வேலை நடக்கும். முதற் பிறபொருளெதிரி தேடிய புரதத்தோடு ஒட்டும். அதை அடையாளம் காணும் இரண்டாவது பிறபொருளெதிரி, சாயத்தையோ நொதியையோ சுமந்து வரும். நொதியானால் பழுப்பு நிறம் படியும், சாயமானால் ஒளிரும். ஒரு முதற் பிறபொருளெதிரியில் பல இரண்டாம் பிறபொருளெதிரிகள் ஏறுவதால் நிறம் கூடும். தவறு இருந்தால் அதுவும் அதே அளவு கூடும்.

நியூஎன்: எல்லாரும் நம்பிய ஓர் அடையாளம்

1992இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் முல்லன், பக், ஸ்மித் ஆகிய மூவர் சுண்டெலி மூளைக் கலங்களின் கருக்களை எடுத்து, அவற்றுக்கு எதிராக ஒரு பிறபொருளெதிரியை ஆக்கினார்கள். அது நரம்புக்கலங்களில் மட்டும், முதன்மையாகக் கருவில், ஒட்டியது. நரம்புக்கலங்களுக்குத் துணையாக இருக்கும் கிளையா கலங்களில் ஒட்டவில்லை. அது கண்ட பொருளுக்கு நியூஎன் என்று பெயரிட்டார்கள். சில ஆண்டுகளில் நியூஎன் உலகெங்கும் நரம்புக்கலத்தின் முத்திரை ஆனது. நியூஎன் இருந்தால் நரம்புக்கலம், இல்லாவிட்டால் வேறு கலம் என்று எழுதினார்கள்.

அந்தப் பிறபொருளெதிரி எந்தப் புரதத்தோடு ஒட்டுகிறது என்பது பதினேழு ஆண்டுகள் யாருக்கும் தெரியாது. 2009இல்தான் அது ஃபொக்ஸ்-3 என்ற, ஆர்.என்.ஏ. துண்டுகளை வெட்டி இணைக்கும் வேலையில் உதவும் புரதம் என்று தெரியவந்தது. அதற்குள் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் அந்த நிறத்தின் மேல் எழுதப்பட்டுவிட்டன.

நியூஎன் எல்லா நரம்புக்கலங்களையும் காட்டுவதில்லை. முதல் ஆய்விலேயே அதன் ஆக்குநர்கள் இதை நேர்மையாக எழுதியிருந்தார்கள். சிறுமூளையின் புர்கின்ஜே கலத்தில் அது ஒட்டாது. மோப்பக் குமிழின் மைற்றல் கலத்திலும் ஒட்டாது. நெக்ரி உருண்டைகளை மருத்துவர்கள் அரை நூற்றாண்டு தேடிப் பார்த்த அதே புர்கின்ஜே கலம், மூளையிலேயே மிகப் பெரிய நரம்புக்கலங்களில் ஒன்று, உலகின் மிகப் பிரபலமான நரம்புக்கல அடையாளத்துக்கு அகப்படுவதில்லை. இதைக் கண்டுகொள்ளாமல் சிறுமூளையில் நரம்புக்கலங்களை நியூஎன்னால் எண்ணினால் அங்கே புர்கின்ஜே கலமே இல்லை என்று முடிவாகும். அதைக் காண கல்பைன்டின் என்ற வேறொரு புரதத்துக்கான பிறபொருளெதிரி வேண்டும்.

இன்னொரு சிக்கல் இதைவிட ஆழமானது. இரத்தம் தடைப்பட்டோ, நரம்பு அறுபட்டோ காயமுற்ற நரம்புக்கலங்களில் நியூஎன் நிறம் மங்கிப்போகும். கலம் சாகவில்லை, அந்தப் புரதம்தான் குறைந்திருக்கிறது. பக்கவாத ஆய்வில் நியூஎன் நிறம் காணாத இடத்தையெல்லாம் கலம் செத்த இடம் என்று கணக்கிட்டால், உயிரோடு இருக்கும் கலங்களும் செத்தவையாகிவிடும். ஒரு மருந்து கலங்களைக் காப்பாற்றியதா, புரதத்தை மட்டும் மீட்டதா என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

நியூஎன்னின் பெருமையும் இதே எண்ணும் வேலையில்தான் இருக்கிறது. மனித மூளையில் பத்தாயிரம் கோடி நரம்புக்கலங்கள், அதைப்போல் பத்து மடங்கு கிளையா கலங்கள் என்று பாடநூல்கள் வெகுகாலம் எழுதிவந்தன. அதற்கு நேரடியான எண்ணிக்கைச் சான்று காட்டப்படவில்லை. 2009இல் பிரேசிலில் சுசானா ஹெர்குலானோ ஹூசலின் குழு எண்ணியது. 50 முதல் 71 வயதில் இறந்த நான்கு ஆண்களின் மூளைகளைச் சவர்க்காரக் கரைசலில் அரைத்தார்கள். கலங்கள் எல்லாம் கரைந்து கருக்கள் மட்டும் மிதக்கும் ஒரு திரவம் கிடைத்தது. எல்லாக் கருக்களையும் நீலச் சாயத்தால் எண்ணி, அவற்றில் எத்தனை பங்கு நியூஎன் பிறபொருளெதிரியை ஏற்கின்றன என்று பார்த்தார்கள். விடை: சராசரியாக 8,600 கோடி நரம்புக்கலங்கள், ஏறத்தாழ அதே அளவு, 8,460 கோடி, மற்றக் கலங்கள். நரம்புக்கலங்களில் 6,900 கோடி சிறுமூளையிலேயே இருக்கின்றன. சிந்தனைக்குப் பேர்போன பெருமூளைப் புறணியில் 1,600 கோடிதான்.

இந்தக் கணக்கிலும் புர்கின்ஜே கலங்கள் விடுபட்டிருக்கும். அவை மொத்தத்தில் சில கோடியே என்பதால் 6,900 கோடியில் அந்தப் பிழை தெரியாது. அதே பிறபொருளெதிரி, அதே குறை. ஒரு கேள்விக்கு அது பெரும் பிழையாகிறது, இன்னொரு கேள்விக்குப் பொருட்டே இல்லாமல் போகிறது. ஆகவே பிறபொருளெதிரி நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்தக் கேள்விக்கு, எந்த இழையத்தில், எந்த நிலையில் என்று கேட்க வேண்டும்.

மற்றவை

அஸ்ட்ரோசைட் எனப்படும் விண்மீன் வடிவக் கிளையா கலத்துக்கு ஜி.எஃப்.ஏ.பி. என்ற புரதமே வழக்கமான அடையாளம். லோரன்ஸ் எங் அதை நரம்புறை சிதையும் நோயால் இறந்தவர்களின் மூளைத் தழும்புகளிலிருந்து பிரித்தெடுத்து 1971இல் வெளியிட்டார். தழும்பிலிருந்து கிடைத்த புரதம் தழும்பில் மிகுந்திருப்பதில் வியப்பில்லை. நலமான மூளைப் புறணியின் பல அஸ்ட்ரோசைட்டுகளில் அது மிகக் குறைவு. பிறபொருளெதிரியால் தெரிவதே இல்லை. நோய் வந்ததும் நிறம் கூடும். அப்போது அஸ்ட்ரோசைட்டுகள் பெருகின என்று எழுதுவது எளிது. பலமுறை நடப்பது, இருந்த கலங்களே அந்தப் புரதத்தைக் கூடுதலாக ஆக்குவதுதான்.

மூளையின் காவற் கலங்களான மைக்ரோகிளியாவுக்கு ஐபா-1 என்ற புரதம் அடையாளம். அது குருதியிலிருந்து மூளைக்குள் நுழையும் மக்ரோஃபேஜ் கலங்களிலும் இருக்கிறது. காயமுற்ற மூளையில் உள்ளூர்க் காவலர் யார், வெளியிலிருந்து வந்தவர் யார் என்று ஐபா-1 சொல்லாது. 2016இல் அறிமுகமான டிமெம்-119 என்ற புரதத்தின் பிறபொருளெதிரி அந்த வேறுபாட்டைக் காட்டும் என்று நம்பிக்கை தந்தது. நோயில் அதுவும் குறைவதாகப் பின்னர் தெரிந்தது.

டைரோசின் ஹைட்ரொக்சிலேஸ் என்ற நொதி பற்றி ஒரு வரி. பார்க்கின்சன் நோயில் அழியும் டோபமின் கலங்களுக்கு இதுவே அடையாளம். ஆனால் நோரட்ரினலினைச் சுரக்கும் கலங்களிலும் இதே நொதி இருக்கிறது. கலம் மூளையின் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்துத்தான் வேறுபாடு சொல்ல வேண்டும். நிறம் பாதி விடைதான் தரும்; மீதி உடற்கூற்றியல் படித்தவரின் கண்ணிலிருந்து வர வேண்டும்.

பாடும் மீனின் உறவினர்

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீனைப் பற்றி 1848இல் இங்கே வந்த எமர்சன் டெனன்ற் எழுதிய பிறகு உலகம் அறிந்தது. நிலா இரவில் கல்லடிப் பக்கம் தண்ணீருக்குள் கேட்கும் அந்த ஒலி மீனுடையதா, ஊரியுடையதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் மீன் பாடுவதற்கு மூளையில் என்ன நடக்கிறது என்ற கேள்வி வேறோர் இடத்தில் ஆராயப்பட்டது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் வாழும் மிட்ஷிப்மன் என்ற மீனின் ஆண், பெண்ணை அழைக்க இரவில் நெடுநேரம் ஒரே சுருதியில் முழங்கும். கோர்னெல் பல்கலைக்கழகத்தின் அன்ட்ரூ பாஸ் பல பத்தாண்டுகளாக அதன் மூளையை ஆராய்ந்தவர்.

அந்த ஆய்வுகளில் ஒன்று, ஆண் ஹோர்மோனை ஈஸ்திரஜனாக மாற்றும் அரோமற்றேஸ் என்ற நொதியைப் பற்றியது. அந்த நொதி, மீன்களின் மூளையில் மற்ற முதுகெலும்பிகளைவிட மிக அதிகம். பறவைகளிலும் பாலூட்டிகளிலும் அது நரம்புக்கலங்களில் இருப்பதாகத்தான் முன்னைய ஆய்வுகள் காட்டியிருந்தன. போல் ஃபோர்லானோவும் பாஸும் கூட்டாளிகளும் 2001இல் மிட்ஷிப்மன் மூளையில் அரோமற்றேசைப் பிறபொருளெதிரியால் தேடியபோது அது கிளையா கலங்களில் தெரிந்தது. இந்த இடத்தில் அவர்கள் நிறத்தை மட்டும் நம்பி நிற்கவில்லை. அந்த நொதிக்கான ஆர்.என்.ஏ. எந்தக் கலத்தில் இருக்கிறது என்று முற்றிலும் வேறான முறையால் தேடினார்கள். இரண்டும் ஒரே கலங்களைக் காட்டின. எலிப் புரதத்துக்காக ஆக்கிய பிறபொருளெதிரிகளை மீனிலும், பல்லியிலும், பறவையிலும் அப்படியே பயன்படுத்தும் பழக்கம் பெருகியிருக்கும் காலத்தில், இந்த இரட்டைச் சாட்சி முறையை நான் மிகவும் மதிக்கிறேன். எங்கள் வாவியின் உயிரினங்களை யாரேனும் ஒருநாள் இப்படி ஆராய்வார்களானால் தொடக்கத்திலிருந்தே இதே வழியில் போக வேண்டும்.

நம்பிக்கை ஆட்டம் கண்டபோது

மூளையின் உடற்கூற்றியலுக்கென்று 1891 முதல் வெளிவரும் இதழ், ஜேர்னல் ஒஃப் கொம்பரேட்டிவ் நியூரோலஜி. 2005இல் அதன் ஆசிரியரான கிளிஃபோர்ட் சேப்பர் வாசகர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். வெளியான கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டிய நிலைக்கு ஆளான ஆய்வாளர்களின் கடிதங்கள் தமக்கு வருவதாக அதில் சொன்னார். நடந்தது இதுதான்: ஒரு புரதத்துக்கான மரபணுவையே நீக்கிய சுண்டெலியின் மூளையில், அந்தப் புரதத்துக்கான பிறபொருளெதிரி முன்போலவே அழகாக நிறமிட்டது. புரதமே இல்லாத இடத்தில் நிறம் எங்கிருந்து வந்தது? வேறு எதனோடோ ஒட்டித்தான். அன்றுமுதல் அந்த இதழ் பிறபொருளெதிரி ஒவ்வொன்றுக்கும் சான்று கேட்கத் தொடங்கியது.

சான்று என்று பலர் அப்போது கொடுத்துவந்தது போதாதது. பிறபொருளெதிரியை அது ஆக்கப்பட்ட புரதத் துண்டோடு முன்பே கலந்துவிட்டால் நிறம் மறைகிறது, ஆகவே அது சரியானது என்பார்கள். அது அந்தத் துண்டோடு ஒட்டும் என்பதை மட்டும் காட்டுகிறது. மூளையில் வேறொரு புரதத்தோடும் ஒட்டாது என்று காட்டுவதில்லை. விசர்நோய்க் கூடத்தில் நோயற்ற மூளையை ஒவ்வொரு முறையும் பக்கத்தில் வைப்பது எதற்காக என்பது இங்கே விளங்கும். பொருள் இல்லாத இடத்தில் நிறமும் இருக்கக் கூடாது. அந்த ஒன்றைக் காட்டாத வேறெந்தச் சான்றும் முழுமையல்ல.

மூளை ஆய்வில் அதிகம் தேடப்படும் ஏற்பிப் புரதங்களில் நிலைமை இன்னும் மோசம். ஹோர்மோன்களையும் நரம்புச் செய்திப் பொருள்களையும் ஏற்கும் ஒரு பெரிய ஏற்பிக் குடும்பத்துக்கான பிறபொருளெதிரிகளை 2009இல் பரிசீலித்தவர்கள், சரியாகத் தேர்ந்தெடுத்து ஒட்டாமையே அங்கே வழக்கம் என்று எழுதினார்கள். ஈஸ்திரஜன் ஏற்பியின் பீற்றா வகைக்கு விற்கப்பட்ட 13 பிறபொருளெதிரிகளை 2017இல் சுவீடன் ஆய்வாளர்கள் சோதித்தபோது ஒன்றே ஒன்றுதான் தேறியது. அந்த ஏற்பி எந்த உறுப்பில் இருக்கிறது என்று இருபது ஆண்டுகளாக எழுதப்பட்டவற்றில் எவ்வளவு மிஞ்சும் என்று எண்ணிப் பாருங்கள்.

பழி சொல்வதோடு நிற்காமல் இதைச் சீர்செய்ய முனைந்தவர்களில் முதன்மையானவர்கள் வைகாரோஸ் என்ற கூட்டணியினர். மொன்றியலைத் தளமாகக் கொண்ட அவர்கள், நரம்பியல் நோய்களோடு தொடர்புள்ள 65 புரதங்களுக்கு விற்கப்படும் 614 பிறபொருளெதிரிகளை எடுத்தார்கள். ஒவ்வொரு புரதத்துக்கும் அந்த மரபணு நீக்கிய கலங்களையும் நீக்காத கலங்களையும் பக்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். 2023இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலான புரதங்களுக்கு ஒரு நல்ல பிறபொருளெதிரியாவது சந்தையில் இருந்தது. இது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் தேறாத ஒன்றைக் கொண்டு எழுதப்பட்ட கட்டுரைகள், சராசரியாக ஒரு புரதத்துக்குப் பன்னிரண்டு அளவில் இருந்தன. விற்கும் கம்பனிகளே தங்கள் சரக்கை இந்தச் சோதனைக்குக் கொடுத்ததும், தேறாதவற்றைச் சில கம்பனிகள் விற்பனையிலிருந்து எடுத்ததும் பாராட்டத் தக்கவை. மிருகத்தின் உடலில் அல்லாமல் மரபணுவைக் கொண்டு கலத்தில் ஆக்கப்படும் பிறபொருளெதிரிகள் மற்றவற்றைவிட நன்றாகத் தேறின. அவை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும். முயல் செத்துப்போனால் போத்தலும் தீர்ந்துபோகும் என்ற நிலை இல்லை.

இதற்கிடையே பிறபொருளெதிரிக்குப் போட்டியாக வேறு முறைகளும் வந்துவிட்டன. 2023இல் மனித மூளையின் கலங்களை அவற்றின் ஆர்.என்.ஏ.வைக் கொண்டு வகுத்த ஆய்வு மூவாயிரத்துக்கு மேற்பட்ட வகைகளைக் கண்டது. பிறபொருளெதிரிகளால் அவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்க முடியாது. ஆனால் ஆர்.என்.ஏ. இருக்கும் இடத்தில் புரதம் இருக்கும் என்பதும் உறுதியில்லை. ஒரு கலம் உண்மையில் எதை ஆக்கி எந்தக் கிளையின் நுனிவரை அனுப்பியிருக்கிறது என்று பார்க்க இன்றும் பிறபொருளெதிரிதான் வேண்டும்.

எங்கள் மூளைகள்

இலங்கையில் இந்தக் கலை நாயின் மூளையோடு நின்றுவிடவில்லை. ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தின் ரணில் டி சில்வாவும் பிரிந்தா விஜேசிங்கவும், பெங்களூரின் மனநல, நரம்பியல் நிலையமான நிம்ஹான்ஸின் எஸ்.கே. சங்கர் முதலியோரோடு சேர்ந்து, பிரேதப் பரிசோதனைக்கு வந்த 50 வயதும் அதற்கு மேலும் உடைய 76 பேரின் மூளைகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். அல்சைமர் நோயின் மாற்றங்களுக்கும் இரத்தக்குழாய்ப் பாதிப்புக்கும் உள்ள உறவே அவர்களின் கேள்வி. தெற்காசிய முதியோரிடமிருந்து பிரேதப் பரிசோதனை வழியாகக் கிடைத்த முதற் சான்று என்று கட்டுரையின் தலைப்பே சொல்கிறது. நூறு ஆண்டுகளாகப் பெரும்பாலும் மேலை நாட்டு மூளைகளைக் கொண்டே அல்சைமரை அறிந்த உலகுக்கு இது சிறிய எண்ணிக்கை என்றாலும் பெரிய தொடக்கம். சங்கர் பெங்களூரில் மனித மூளை இழையக் களஞ்சியத்தைக் கட்டியெழுப்பியவர். அந்த அனுபவம் கடல் தாண்டி இங்கே வந்தது.

சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட தரணி என்ற தொகுப்பையும் இங்கே சொல்ல வேண்டும். ஐந்து கருச்சிசு மூளைகளின் 5,132 வெட்டுமுகங்களை, கலம் கலமாகத் தெரியும் நுணுக்கத்தில், யாரும் இலவசமாகப் பார்க்கலாம். மோகனசங்கர் சிவப்பிரகாசம் தலைமையில் நடந்த இந்த வேலையின் அடித்தளம் நிசில் சாயம் போன்ற பழைய சாயங்கள். அதில் எனக்கு ஆறுதல் உண்டு. இப்படி ஓர் உறுதியான நிலப்படம் கையில் இருந்தால்தான், பிறபொருளெதிரி இடும் நிறம் சரியான இடத்தில் விழுந்ததா என்று பார்க்க முடியும்.

வெப்ப நாட்டில் மூளைக்கு நிறமிடுவோர்க்குத் தனியான இடர்கள் உண்டு. இறந்த பின் செல்லும் ஒவ்வொரு மணி நேரமும் புரதத்தைச் சிதைக்கும். குளிரூட்டல் தாமதமானால் பிறபொருளெதிரி ஒட்ட இடமே இல்லாமல் போகும். நாயின் தலைக்கும் இதே விதிதான். அழுகிய மூளையில் பச்சை தெரியாவிட்டால் நோயில்லை என்று சொல்லவே முடியாது. ஃபோமலினில் வருடக்கணக்கில் கிடந்த மூளையில் புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகிவிடும். சூடாக்கி அவற்றை அவிழ்க்க வேண்டும். முதியோரின் நரம்புக்கலங்களில் சேரும் லிப்போஃபியூசின் என்ற கழிவு தானாகவே ஒளிரும். சாயம் எது, கழிவு எது என்று பிரிக்கத் தெரியாத கண்ணுக்கு எல்லாமே கண்டுபிடிப்பாகத் தோன்றும். மனிதரில் மரபணுவை நீக்கிச் சோதிக்கவும் முடியாது. ஒரே புரதத்தின் வெவ்வேறு பகுதிகளோடு ஒட்டும் இரண்டு பிறபொருளெதிரிகளும், ஆர்.என்.ஏ. சோதனையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே அங்கே வழி. இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும். ஒரு சிறு போத்தல் பிறபொருளெதிரியின் விலை, நம் நாட்டு ஆய்வு மாணவர் ஒருவரின் மாத உதவித்தொகையை விழுங்கிவிடும். தவறான போத்தலை வாங்கினால் ஏற்படும் இழப்பு பணக்கார நாடுகளைவிட நமக்கே அதிகம். வைகாரோஸ் அறிக்கைகள் யாரும் பார்க்கும்படி திறந்திருக்கின்றன. வாங்குமுன் அவற்றைப் பார்ப்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் விதியாக்கலாம்.

கிழக்கு மாகாணத்துக்கு உடனே பயன்படக்கூடியது ஒன்று இருக்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் விசர்நோய்க்காக உருவான நேரடித் துரித இழையப் பரிசோதனையில் ஒளிரும் சாயமும் இல்லை, அதற்கான விலையுயர்ந்த நுணுக்குக்காட்டியும் இல்லை. மூளை ஒற்றிய கண்ணாடியை ஃபோமலினில் பத்து நிமிடம் வைத்து, பயோட்டின் பிணைத்த பிறபொருளெதிரியும் நொதியும் இட்டால், வைரஸ் உள்ள இடம் சிவப்பாகத் தெரியும். சாதாரண ஒளி நுணுக்குக்காட்டி போதும், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். 2006இல் தன்சானியாவில் களத்திலிருந்து வந்த மாதிரிகளில் அது பச்சைச் சாய முறையோடு ஒத்துப்போனது. 2012இல் நிம்ஹான்ஸிலும் மதுசூதனாவின் குழு அதைச் சோதித்து நல்ல முடிவு கண்டது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம் மட்டக்களப்பில் இருக்கிறது. போதனா வைத்தியசாலையும் அங்கேயே. களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலை பெரியகல்லாற்றுக்கு மிக அருகில். பிறபொருளெதிரி, பயிற்சி பெற்ற இருவர், குளிர்ப்பெட்டி, ஒவ்வொரு தொகுதியோடும் போக வேண்டிய நோயுள்ள மூளையும் நோயற்ற மூளையும்: தேவைகள் இவ்வளவே. கொழும்பின் முடிவோடு ஓராண்டு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு இந்தப் பரிசோதனையை மட்டக்களப்பில் நிரந்தரமாக்க வேண்டும். அதே கண்ணாடித் துண்டுகளில், அதே கட்டுப்பாட்டு மூளைகளைப் பக்கத்தில் வைத்து, மருத்துவ மாணவர்கள் புர்கின்ஜே கலத்தையும் ஹிப்போகாம்பசையும் தங்கள் கண்ணால் பார்க்கக் கற்கலாம்.